தானாக நிற்காத கார்

மனுஷனோ ஆடுமாடோ குறுக்கே வந்தால் தானாக நின்றுவிடும் கார்கள் வந்து நாற்பது வருடமாகிவிட்டது. அப்பாவின் பழைய பெட்ரோல் காரை விற்பதா வேண்டாமா என்று ஸ்டெல்லா ஒரு வருடமாக ஊசலாடிக்கொண்டிருந்தாள்.

விலை மதிக்க வந்த புரோக்கர் கஜேந்திரன் பெயிண்டையும் பார்க்கவில்லை, என்ஜினையும் பார்க்கவில்லை. கூடவே கொண்டுவந்த ஆட்டைக் காருக்கு எதிரே கட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து ஒரே மிதி மிதித்தான். கத்தக்கூட நேரமில்லாமல் ஆடு சக்கரத்தடியில் நசுங்கியது. பம்பரில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துச் சிரித்தபடி இறங்கினான்.

“நிக்கவே இல்லக்கா! ரெண்டு கோடி தர்றோம்.”

“இத்தனை பணம் குடுத்து யாருக்குப்பா வாங்குற?”

“எங்க முதலாளிக்கு. அவர் பொண்ணு வேற சாதிப் பையனோட போயிட்டா. இப்ப வர்ற காரெல்லாம் ஆளப் பாத்தா நின்னுருதே. இத வச்சு ஏத்தினா விபத்துன்னு முடிஞ்சிரும்.”

ஸ்டெல்லாவின் ஊசலாட்டம் அதோடு முடிந்தது. “வண்டிய உள்ள விடுறேன்” என்று ஏறிச் சாவியைத் திருகினாள்.

பிறந்ததிலிருந்து எல்லாக் காரும் தனக்காக நின்றே பார்த்தவன் கஜேந்திரன். போனில் முதலாளியிடம் விலையைச் சொல்லிக்கொண்டே இந்தக் காருக்கும் குறுக்கே நிதானமாக நடந்தான்.

பிரேக் எது என்று ஸ்டெல்லாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.