அந்தப் பெட்டியின் குறைகள்

அண்ணனுடைய வீடியோ கேம் பெட்டியை எடுத்துப் போகலாம் என்று ஒரு பெரிய பையோடு போயிருந்தேன்.

அண்ணி டீ கொடுத்தார். பையைப் பார்த்தார்.

அண்ணன் தவறிப்போன பிறகு அந்த வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. பைக்கைப் பெரியப்பா மகன் ஓட்டிக்கொண்டு போனான். கைக்கடிகாரம் அக்கா வீட்டுக்காரரின் மணிக்கட்டில் ஏறியது. தோல் ஜாக்கெட்டை யாரோ போட்டுப் பார்த்துவிட்டு, கழற்ற மறந்து அப்படியே கிளம்பிவிட்டார்கள்.

எல்லாம் அண்ணன் ஞாபகமாகத்தான்.

மிச்சம் இருந்தது டிவிக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கறுப்புப் பெட்டி. என்னுடையது போன மாதம்தான் புகைந்து போயிருந்தது.

நேராகக் கேட்க வாய் வரவில்லை. அதனால் பெட்டியின் குறைகளிலிருந்து ஆரம்பித்தேன்.

“பழைய மாடல் அண்ணி. கொஞ்ச நேரம் ஓடினா மிக்ஸி மாதிரி இரையும். நாலு கேம் ஏத்துனா இடம் ரொம்பிடும். கன்ட்ரோலர்ல சார்ஜ் நிக்கவே நிக்காது. தூசி துடைக்கிற வேலைதான் மிச்சம். உங்களுக்கு எதுக்கு இந்தத் தலைவலி?”

நிறைகளை மனசுக்குள் வைத்துக்கொண்டேன்.

பழைய டிஸ்க்கு, புது டிஸ்க்கு எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் விழுங்கும் பெட்டி அது. சரளைக்கல் பாதையில் காரை இறக்கினால் கல் உள்ளங்கையில் உருளுகிற மாதிரி கன்ட்ரோலர் அதிரும். நண்பனிடம் டிஸ்க்கை இரவல் வாங்கி, ஆடி முடித்து, அவன் மறக்கும்வரை நாமே வைத்துக்கொள்ளலாம். இப்போது வருகிற மாடல்களில் அந்தச் சுகமெல்லாம் எங்கே?

அண்ணி செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறவர். எதையும் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை உள்ளுக்குள் கடித்துப் பார்த்துக்கொள்வார்.

“பாதிதான் சொல்றீங்க தம்பி” என்றார். “படுக்க வச்சா டிஸ்க்கைக் கீறிடும். ஒரு கன்ட்ரோலர்ல இடது குச்சி தானா ஒரு பக்கம் இழுக்கும், கட்டைவிரலால எதிர்ப்பக்கம் லேசா அழுத்திக்கிட்டே இருக்கணும். சுவத்தை ஒட்டி வச்சுட்டோம்னா சூடாகி, ஜெயிக்கப் போற நேரமாப் பாத்து நின்னு தொலைக்கும்.”

எனக்கு வேலை சுலபமாகிவிட்டது.

“அதைத்தான் அண்ணி நானும் சொல்றேன்” என்று பையின் ஜிப்பை இழுத்தேன்.

“எல்லாம் தெரிஞ்சுதான் வச்சிருக்கேன். தர மாட்டேன்.”

குரல் உயரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அண்ணி அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. பைக் போனபோதுகூட சாவியை அவரேதான் தேடி எடுத்துக் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது.

“அண்ணன் உயிரா வச்சிருந்தது. ஆடத் தெரிஞ்ச கையில இருக்கட்டுமேன்னு பாத்தேன்.”

அண்ணி எழுந்து போய்ப் பெட்டியை ஆன் செய்தார். இரண்டு கன்ட்ரோலர்களில் நல்லதை என் மடியில் வைத்தார். குச்சி இழுக்கிறதைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

“உக்காருங்க. நீங்க ஜெயிச்சா எடுத்துட்டுப் போங்க.”

கார்ப் பந்தயம். பாவம், கொஞ்ச தூரம் கூட வரட்டும் என்று வேகத்தைக் குறைத்தே ஓட்டினேன். பாலத்துக்கு முன்னால் அவர் என்னைத் தாண்டியபோதுதான் சோபாவின் நுனிக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் யாருக்கும் பாவம் பார்க்கவில்லை. முட்டி மோதி மறுபடி முன்னால் வந்துவிட்டேன்.

கடைசி வளைவு. அங்கே எல்லோரும் பிரேக் பிடிப்பார்கள். நானும் பிடித்தேன்.

அண்ணியின் கார் பிடிக்கவில்லை. சுவரை உரசித் தீப்பொறி பறக்க, எனக்கும் சுவருக்கும் நடுவில் இல்லாத இடத்தில் நுழைந்து, கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அந்த உரசல் எனக்குத் தெரியும். நான் என் வீட்டிலும் அண்ணன் அவன் வீட்டிலும் இருந்து ஆன்லைனில் மோதிய இத்தனை வருஷத்தில், அந்த வளைவில் அப்படித்தான் தோற்பேன். அடுத்த நொடியே போன் அடிக்கும். “என்னடா, மண்ணைக் கவ்வுனியா?” என்று சிரிப்பான். கூடப் பிறந்தவனுக்கு ஒரே ஒரு தடவை விட்டுக்கொடுத்தால்தான் என்ன என்று நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

கண் கலங்கிவிட்டது.

“அப்படியே உங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்கான் அண்ணி.”

அண்ணி திரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“உங்க அண்ணனுக்கு எந்தப் பொத்தான் எதுக்குன்னே தெரியாது தம்பி. பக்கத்துல போனைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. அண்ணிகிட்ட தோத்தோம்னு தெரிஞ்சா நீங்க மனசு ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு சொன்னாரு. நானும் இத்தனை நாள் வாயைத் திறக்கல.”

நான் தரையில் கிடந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்க பெட்டியை ரிப்பேர் பண்ணிட்டுச் சொல்லுங்க” என்றார் அண்ணி. “இனிமே ஜெயிச்சா நானே போன் பண்றேன்.”