பென்ட்டி பதிவு செய்த பாட்டு

வானொலிப் பெட்டிக்கு முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுகளைப் பதிவு செய்வதில் எங்கள் அண்ணன் பென்ட்டிக்குப் பைத்தியம். பாட்டு முடியும்வரை வாயே திறக்க மாட்டான். அதனால் அவனுடைய கேசட்டுகளில் வீட்டின் எல்லாச் சத்தமும் உண்டு. அவன் குரல் மட்டும் கிடையாது. பதினேழு வயதில், உறைந்த ஏரியைக் கடக்கும்போது பனி உடைந்து இறந்துபோனான்.

ஒவ்வொரு கோடையிலும் தங்கை இர்யாவும் நானும் ஏரிக்கரை வீட்டில் அந்தக் கேசட்டுகளைப் போட்டுக் கேட்போம்.

"அக்கா, இதோ வருது பாரு, அம்மா தும்மப் போறா!" என்றாள் இர்யா.

டாங்கோ பாட்டின் நடுவே அம்மா தும்மினாள். அடுத்து அப்பா கரண்டியைக் கீழே போட்டார்.

"அன்னிக்கு மீன் சூப்புதானே?"

"போடி, பட்டாணி சூப்பு. வியாழக்கிழமைன்னா நம்ம வீட்ல எப்பவும் அதுதானேடீ!"

கைதட்டிச் சிரித்தோம். காப்பி மேசைவிரிப்பெல்லாம் சிந்தியது.

"உஷ்! சத்தம் போடாதீங்கடீ, பதிவாகுது!" என்றது கேசட், பென்ட்டியின் குரலில்.

அந்தக் காலத்தைப் போலவே இருவரும் வாயைப் பொத்திக்கொண்டோம். பாட்டு முடிந்ததும் இர்யா முதலிலிருந்து ஓடவிட்டாள். அசையாமல் கேட்டோம். தும்மல் வந்தது, கரண்டி விழுந்தது, பாட்டு முடிந்தது. வேறொன்றும் இல்லை.

"இந்தத் தடவ நாம சத்தமே போடலையேக்கா," என்றாள் கண்கள் பளபளக்க. "அதான் திட்டல."

என் அறுபத்தெட்டு வயதுத் தங்கை சமையலறைக்கு ஓடினாள். கைக்கொரு பாத்திர மூடியுடன் திரும்பி வந்து நின்றாள்.

"ம், போடுக்கா."