ஆவணி ஞாயிறு, பத்தரை மணி

இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுக்கக் கணவரை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். டாக்டரின் முன்னால் சுந்தரவல்லி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு வாங்கிய சீட்டு. இப்போது மணி ஒன்று. டாக்டருக்கே கண் சொருகியது.

"உங்க வீட்டுக்காரருக்கு இதயத் துடிப்பு தாறுமாறா இருக்கும்மா. இப்படி இருந்தா உள்ள ரத்தம் கட்டும். அது மூளைக்குப் போய் அடைச்சா பக்கவாதம். அந்த ஆபத்து எவ்வளவுன்னு பார்க்கத்தான் இதெல்லாம் கேக்கறேன்."

தாளில் ஒவ்வொன்றுக்கும் ஆபத்து மதிப்பெண் குறித்துக்கொண்டே வந்தாள் டாக்டர். வயது அறுபத்திரண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. சர்க்கரை கிடையாது.

"முன்னாடி எப்பவாவது வாய் குழறி, கை மரத்துப் போய், கொஞ்ச நேரத்துல தானா சரியாச்சா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் சுந்தரவல்லி.

சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல இடம். கணவருக்குத்தான் முதலிலிருந்தே அதில் மனசில்லை.

மாப்பிள்ளையின் அப்பா ஏதோ கேட்டார். இவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கேட்டார். பதில் இல்லை. இவர் கையிலிருந்த காபி டம்ளர் நழுவி ஜமுக்காளத்தில் கொட்டியது.

முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராகக் கத்தியவர்.

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள், "வார்த்தை வரலை" என்றார்.

"எப்படி வரும்? மனசு இருந்தாத்தானே" என்றாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் சாப்பாடு, மாத்திரை, கரண்ட் பில் தவிர வேறு பேச்சு இல்லை. மகள் திருப்பூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

டாக்டரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பேச்சு நின்றதையும் டம்ளர் விழுந்ததையும் மட்டும் சொன்னாள்.

"எந்தக் கை?"

"வலது கை."

"எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் வரைக்கும்."

"எப்பன்னு ஞாபகம் இருக்கா?"

"மூணு வருஷம் ஆச்சு. ஆவணி ரெண்டாவது ஞாயிறு. பத்தரை மணி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். யாரும் இப்படி மணியோடு சொல்வதில்லை.

"அன்னைக்கே ஒரு தடவை அடைச்சுத் தானா விட்டிருக்கும்மா. இது ஒண்ணுக்கே ரெண்டு மார்க்."

கூட்டினாள். மூன்று.

"ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை எழுதறேன். ஒரு வேளைகூட விடக்கூடாது."

அவர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டே வந்தார். வராந்தாவில் வைத்துச் சொன்னாள்.

"அன்னைக்கு உங்களுக்குப் பேச்சு வராமப் போனது நோவுதானாம். டாக்டரம்மா சொல்றாங்க."

"நான் மறுநாளே சொன்னேனே."

கோபமில்லை. யாரோ மணி கேட்டதற்குச் சொன்னதுபோல இருந்தது.

மருந்து கொடுக்கும் இடத்தில் ஆண்கள் வரிசை தூண் தாண்டி நீண்டிருந்தது. அவர் போய்க் கடைசியில் நின்றார். அவளும் போய் அவர் பின்னால் நின்றாள்.

"பொம்பளைங்க வரிசை அந்தப் பக்கம்மா. கூட்டமே இல்ல" என்றார் ஒருவர்.

தலையாட்டினாள்.

நகரவில்லை.