ஒயர் கூடைக்கு முதல் பரிசு

சிதம்பரத்துப் பள்ளிக்கூட ஹாலில், பிள்ளைகள் செய்து கொண்டுவந்த கைவேலைகளை மேசைகளில் பரப்பியிருக்கிறார்கள். உயரத்து ஜன்னலிலிருந்து விழும் மாலை வெயிலில் நீலமும் மஞ்சளுமாக ஓர் ஒயர் கூடை பளபளக்கிறது. ‘முதல் பரிசு, வினோதினி, ஐந்தாம் வகுப்பு’ என்று அதில் அட்டை ஒட்டியிருக்கிறது. வினோதினியின் அப்பா பூவராகன் கூடையைத் தொட்டதுமே கையை எடுத்துக்கொள்கிறான். அந்த இறுக்கமான முடிச்சுகள் அவன் மனைவி போட்டவை. ஆடி மாதம் அதைப் பின்னி முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள்; திரும்பி வரவில்லை. “எனக்குக்கூட இப்படி வராது சார்,” என்று டீச்சர் சிரித்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்கிறார். வினோதினி ரிப்பன் நுனியைக் கடித்தபடி நிற்கிறாள். அவன் குனிந்து, “நீயே போயி டீச்சர்கிட்ட சொல்லிடு,” என்கிறான். “பிடி மட்டும் நான் போட்டதுப்பா.” “பிடியும் அம்மா போட்டதுதான்.” அவள் தரையைப் பார்க்கிறாள். “அம்மாதான் இல்லியே. யாரு வந்து கேக்கப் போறாங்க?” மின்விசிறிக் காற்றில் காகிதத் தோரணம் படபடக்கிறது. “அதனாலதான் சொல்லணும்,” என்கிறான். அவள் நடந்துபோய் டீச்சரின் புடவையைத் தொட்டுச் சொல்கிறாள். “ஏமாத்துக்காரி,” என்று யாரோ ஒரு பிள்ளை கிசுகிசுக்கிறது. டீச்சர் சிரிப்பில்லாமல் வந்து அட்டையைப் பிய்த்தெடுக்கிறார். சற்று நின்று, வெற்று அட்டை ஒன்றை எடுத்துக்கொள்கிறார். “பரிசு கெடையாது. கூடை இங்கியே இருக்கட்டும். செஞ்சவங்க பேரு?” வினோதினி அப்பாவைப் பார்க்கிறாள். ஆடிக்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. அவன் டீச்சரைப் பார்த்துச் சொல்கிறான்: “அஞ்சலாட்சி.”