பத்தொன்பதாம் பாடம்

"செத்துப்போன பிள்ளைக்கு நேத்து எட்டு மார்க் போட்டிருக்கீங்க. நீங்கள்லாம் மனுஷங்கதானா?"

வெல்டர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

வெல்டர் நீட்டிய போனில் ஒன்பதாம் வகுப்பின் மார்க் பட்டியல் இருந்தது. இங்கிலீஷ் டீச்சர் தானே உட்கார்ந்து செய்த வெப்சைட் அது. பிள்ளைகள் வீட்டில் பாடத்தைக் கேட்டு, பத்துக் கேள்விக்குப் பதில் போட வேண்டும். எட்டுப் பதிலாவது சரியாக இருந்தால்தான் அடுத்த பாடம் திறக்கும்.

பதினேழாவது பேர் அவர் மகளுடையது. பத்தொன்பதாம் பாடம். எட்டு மார்க். நேற்றைய தேதி.

அவள் போய் நாலு மாதமாகிறது. காதில் இயர்போனோடு ரோட்டைத் தாண்டியவளுக்கு லாரி வந்தது கேட்கவில்லை.

"கூட வேலை செய்யறவன் காட்டறான் மேடம். அவன் பொண்ணும் இதே கிளாஸ்தான். 'மனசைத் தேத்திக்கிட்டு இதைப் பாரு'ங்கறான். எப்படி இருக்கும் எனக்கு?"

தலைமையாசிரியை சுவரோரம் நின்ற இங்கிலீஷ் டீச்சரைப் பார்த்தார்.

"சொல்லுங்க டீச்சர். இல்லாத பிள்ளை எப்படிப் பதில் எழுதும்?"

"நான்தான் எழுதினேன்."

"நீங்களா? எதுக்கு?"

"வெப்சைட் ஒழுங்கா ஓடுதான்னு பார்க்க. அந்தப் பேர் சும்மாதானே இருக்குன்னு..."

"சும்மா இருக்கா?" வெல்டரின் குரல் உடைந்தது. "அது எம்பொண்ணு பேரு! சோதிச்சுப் பார்க்க உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா?"



அதுவரை வாயே திறக்காமல் பின்னால் நின்ற வெல்டரின் மனைவி முன்னால் வந்தாள்.

"பெத்து வளர்த்திருந்தாத் தெரியும் டீச்சர். வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சிட்டீங்களே! இதுக்குத்தானா படிச்சுட்டு வந்தீங்க?"

இங்கிலீஷ் டீச்சருக்குக் குழந்தை இல்லை என்பது ஊருக்கே தெரியும். தலைமையாசிரியைக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. திட்டியவளும் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தே திட்டினாள்.

"அந்தப் போன்தான் மேடம் அவளைத் தின்னுச்சு" என்றார் வெல்டர். "தலையைச் சுத்திக் குப்பையில எறின்னு இவகிட்ட அன்னைக்கே சொன்னேன், எறிஞ்சுட்டா. உங்ககிட்ட இருக்கிறதையும் அழிச்சாகணும்."

"பேரை எடுத்துடறேன் சார்." டீச்சர் தயங்கினார். "பேரை மட்டும் எடுத்தாப் போதுமா?"

"பேரம் பேச இது மீன் கடையா?" தலைமையாசிரியை சீறினார். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுக்கறீங்க. நாளைக்கு எழுத்துல விளக்கம் கொடுக்கறீங்க. உங்க வேலையை இந்த வருஷம் நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறதா இருந்தேன். இனி அந்தப் பேச்சே கிடையாது."

"சரிங்க மேடம்."

வெல்டர் கதவருகில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். துப்பாத குறைதான்.

ஆசிரியர் அறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் நிழலாடியது. வெல்டரின் மனைவி.

"குடையை மறந்துட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். குடை அவள் கையிலேயே இருந்தது.

"உள்ளே வாங்கம்மா."

"கண்டபடி திட்டிட்டேன் டீச்சர். சும்மா நின்னிருந்தா என் முகமே காட்டிக் கொடுத்திருக்கும். அந்தப் போன் தையல் மிஷின் டிராயர்ல இருக்குன்னு தெரிஞ்சா அவர் தாங்க மாட்டார்."

"தெரியும்மா. அதனாலதான் நானும் வாயை மூடிக்கிட்டேன்."

மகள் இறந்த மறுமாதம், பன்னிரண்டாம் பாடத்தில் அவள் பேருக்கு நேராக இரண்டு மார்க் வந்திருந்தது. ஒன்பதுக்குக் கீழே இறங்காத பிள்ளை. 'நீங்கள் யார்?' என்று டீச்சர் இங்கிலீஷில் எழுதிக் கேட்டார். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: 'ஐ ஆம் மதர்.'

நாலாங்கிளாஸோடு நின்றவள் எழுதிய முதல் இங்கிலீஷ் அது.

நாற்பது பாடத்தையும் வாய்விட்டு வாசித்துப் பதிந்து கொடுத்திருந்தது மகள்தான், போன கோடை லீவில். அவள் போனபின் அந்தக் குரலைக் கேட்டு மற்றப் பிள்ளைகள் அழுததால், அவர்களுக்கு மட்டும் டீச்சர் தன் குரலில் மாற்றிப் பதிந்தார். பதினேழாவது பேரில் மாற்றவில்லை.

வெளியே ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது.

"சீக்கிரம் சொல்லுங்க டீச்சர். பேரை எடுத்தா அவ குரலும் போயிடுமா?"

"போகாதும்மா. உங்க பேருக்கு மாத்திடறேன், பட்டியல்ல தெரியாது. இனிமே கேள்வியும் வேண்டாம், உங்களுக்கு எதுக்கு இந்தப் பரீட்சை? மிச்சம் இருபத்தொரு பாடத்தையும் இப்பவே திறந்துவிட்டுடறேன். இன்னைக்கே எல்லாத்தையும் கேட்டுடலாம்."

டீச்சரின் கை கம்ப்யூட்டர் பக்கம் போனது. அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வேண்டாம் டீச்சர்! கேள்வியை இன்னும் கஷ்டமா வைங்க. இருபத்தொரு தடவைதான் அவ இனிமே புதுசாப் பேசுவா."