படுத்தால் போய்விடும் வலி

குடும்பத்து இஸ்திரிக் கடையில், இளைய மருமகள் தன் மேசையை விட்டு நகர்ந்து, துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் மறுபடியும் படுத்துவிட்டாள்.

மூத்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் சும்மா இருக்காது. விரிப்பை நீவினாள், தண்ணீர் தெளித்தாள், இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். மேசை அதிர்ந்தது.

நல்ல வியாதி. நின்றால் மண்டை பிளக்குமாம், படுத்தால் பறந்துவிடுமாம். இப்படி ஒரு நோய் வாய்க்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

வாசலில் வாடகைக் கார் நின்றது. இளையவள் படுத்தபடியே போவதற்காகக் கொழுந்தன் முன் இருக்கையைச் சாய்த்துப் போட்டிருந்தான். பெரிய ஆஸ்பத்திரி அடுத்த நகரத்தில் இருந்தது. மாமனார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: பெண்பிள்ளை சமாசாரம் பெண்பிள்ளைக்குத்தான் தெரியும், நிஜம் என்று மூத்தவள் சொன்னால் போகட்டும், நடிப்பு என்று சொன்னால் கார் திரும்பட்டும்.

கொழுந்தன் மேசைக்கு எதிரே வந்து நின்றான்.

"அண்ணி, முதுகுத்தண்டுல ஒரு தண்ணி இருக்காம். மூளையே அதுலதான் மிதக்குதாம். அது எங்கயோ தானாவே ஓட்டை விழுந்து கசியுதாம். நின்னா மூளை கீழ இறங்குதாம், அதான் வலி. அவ ரத்தத்தையே எடுத்து ஊசியில போட்டு பெரிய ஆஸ்பத்திரியில அடைச்சிடலாம்னு நம்ம ஊர் டாக்டர் சொல்றாரு."

"கசியறதுக்கு அவ என்ன குழாயா?"

அவன் சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தான். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வீட்டு ஆண்கள் பெண்டாட்டிக்காகக் கார் பிடிப்பார்கள் என்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

இளையவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஒரு கை பிடரியை அழுத்தியிருந்தது.

"என்னக்கா சொன்னீங்க? நின்னா காது ரெண்டும் அடைச்சுக்குது."

காது. கொழுந்தன் காதைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

மூத்தவளின் கை அப்படியே நின்றது. தீய்ந்த வாடை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினாள்.

"எல்லாம் நடிப்பு தம்பி. காரை அனுப்பிடு."

இளையவளின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். அடைத்த காதுக்கும் அது எட்டியது.

கார் போய்விட்டது. கொழுந்தன் ஈர மூட்டைகளைத் தூக்கப் பின்பக்கம் போனான். இளையவள் தன் மேசைக்கு வந்து ஒரு சட்டையை விரித்தாள். காலரைத் தேய்த்தாள். ஒரு கையைத் தேய்த்தாள். அவள் உதடு வெளுத்துக்கொண்டே வந்ததை மூத்தவள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டும், நன்றாக வேண்டும் என்று மனசு சொன்னது.

"பொத்தான் விழுந்துடுச்சுக்கா. தேடிட்டு வந்துடறேன்."

அதற்கு மட்டும் அந்தக் கடையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு பொத்தான் தொலைந்தால் சட்டைக்காரன் தெருவையே கூட்டிவிடுவான். கிடைக்கிறவரை தேடியே ஆக வேண்டும். இளையவள் மேசைக்கு அடியில் நுழைந்து, சில்லிட்ட தரையில் மல்லாந்தாள். பெருமூச்சு மேலே வரை கேட்டது.

மூத்தவள் எட்டி அந்தச் சட்டையை எடுத்துப் பார்த்தாள்.

எல்லாப் பொத்தான்களும் இருந்தன.

மக்கு. இதுகூடத் தெரியவில்லை. முதலில் பொத்தானைப் பல்லால் கடித்துப் பிய்த்துக் கீழே போட்டுவிட வேண்டும். அப்புறம்தான் படுக்க வேண்டும்.

கல்யாணமாகி வந்த புதிதில், இதே வலியும் இதே காதடைப்பும் தின்ற ஒரு வருடம் முழுக்க, மூத்தவள் அப்படித்தான் படுத்தாள். கட்டினவன்கூடக் கண்டுபிடிக்கவில்லை.