கல்லூரியில் விட்டுவரப் போனவர்

"இன்னா ஹேமா, நாளைக்கு உங்க பாடு. ஊட்டுக்காரன் எங்க?"

வாசலில் பெருமாள் நின்றார். ஏரியில் மீன் சேரும் இடத்தில் வலை கட்ட, பசியாவரம் கிராமத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். வீட்டு ஆண் வராவிட்டால் முறை அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். அதைப் பார்த்துக்கொள்பவர் பெருமாள்.

"இன்னும் கோயமுத்தூர்லதான் இருக்காருண்ணா," என்றாள் ஹேமாவதி.

"பொண்ணைக் காலேஜ்ல வுட்டுட்டு மறுநாளே வரேன்னுதானே போனான்? வாரம் ஒண்ணாச்சு."

"திவ்யா அழுவுதாம். வுட்டுட்டு வர முடியலயாம்."

"போனைப் போடு. நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் அவள் கணவர் கோதண்டத்தின் குரல் கம்மியிருந்தது.

"புள்ளைக்குச் சோறு எறங்கலண்ணா. தூக்கமில்ல. ஏரியைப் பாக்கணும், ஏரியைப் பாக்கணும்னு ஒரே அழுவ. எப்படி வுட்டுட்டு வர்றது?"

"அப்ப கையோட கூட்டிட்டு வாடா. இன்னிக்கு ரயில் ஏறினா நாளைக்குச் சாயங்காலம் வலைக்கு வந்துடலாம்."

கோதண்டம் போனை வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டு மனோரமா இறால் கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.

"ஸ்கூல் டூருக்கு மாமல்லபுரம் போயே வாந்தி எடுத்துட்டு வந்த பொண்ணு அது. அதைப் போய் அவ்ளோ தூரம் அனுப்பியிருக்கியே. பொன்னேரியில இல்லாத காலேஜா?"

"படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்," என்றார் பெருமாள். "வரச் சொல்லு. ஒரு பொண்ணு அழுதுன்னு பாட்டை வுட்டுட்டு நிக்கப்போறியா?"

இந்தப் பாடு கைவிட்டுப் போனால், இறால் காலம் முடிந்துதான் அடுத்த முறை. ஹேமாவதி வீட்டுக்குள் போய் மகளைப் போனில் கூப்பிட்டாள்.

"திவ்யா, பொட்டியைக் கட்டு. நைனாவோட வந்துடு."

"எதுக்கு?"

"அழுதுட்டே இருக்கியாமே."

"நானா? மொத நாள் ராத்திரி அழுதேன். ரூம்ல எல்லாரும்தான் அழுதோம். அப்புறம் சரியாப் போச்சு." திவ்யா குரலைத் தாழ்த்தினாள். "அழுவுறது நைனாதான்மா."

"இன்னாடி சொல்ற?"

"சோறு எறங்கலங்குது. மீன் மார்க்கெட்ல நம்ம பக்கத்து ஆள் ஒருத்தர்கூடத் தங்கிக்கினு, விடிஞ்சா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்துடுது. வாட்ச்மேன்தான் டீ வாங்கிக் கொடுத்து சமாதானம் பண்றாரு. நேத்து இங்க ஒரு பெரிய குளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். தண்ணியைப் பாத்ததும் இன்னும் அழுவுது."

"கெளம்பி வர வேண்டியதுதானே?"

"ஏரியும் வேணும், நானும் வேணும்ங்குது. நான் இன்னா பண்றது?"

ஹேமாவதிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"இன்னிக்கு ராத்திரி ரயில்ல நானே ஏத்தி வுடறேன். வார்டன்கிட்ட கேட்டுட்டேன்," என்றாள் திவ்யா. "நீ யார்கிட்டயும் சொல்லாதம்மா. நான் அழுததாவே இருக்கட்டும். நைனான்னு தெரிஞ்சா ஊர்ல ஓட்டியே சாவடிச்சுடுவாங்க."

ஹேமாவதி வெளியே வந்தாள்.

"இன்னா, கெளம்புதா பொண்ணு?"

"இல்லண்ணா. அவரு மட்டும் வராரு. நாளைக்கு வலைக்கு இருப்பாரு."

"அது அங்க அழுதுட்டே கெடக்குமா?"

"அழட்டும். படிச்சிட்டு வரட்டும்."

"பெத்தவளாடி நீ?" என்றாள் மனோரமா. "கொஞ்சங்கூட மனசே இல்லியே."

பெருமாள் கிளம்பியதும் ஹேமாவதி தெருமுனை வரை கூடவே போனாள்.

"அண்ணா, நாளைக்குத் தோணியில அவருகிட்ட பொண்ணைப் பத்தி மட்டும் எதுவும் கேட்டுடாதீங்க."